அப்புவின் பட்டு

பழைய கழுத்துப்பட்டிகளைச் சேர்ப்போரைக் கண்டு நாமும் ஒரு காலத்தில் நகைத்ததுண்டு. முத்திரையிலும் நாணயத்திலும் நாட்டின் பெயராவது இருக்கும். பழைய ரையிலோ துணியின் பெயர்கூடப் பெரும்பாலும் இராது. இழையின் பெயரைத் துணியிற் குறித்தாக வேண்டுமென்னும் சட்டம் அமெரிக்காவிலேயே 1960இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கொழும்பிலே இலிகிதராயிருந்த எமது பாட்டனார், 1943இல் முதற் சம்பளத்தில் வாங்கிய ரை ஒன்று தாயாரின் பெட்டகத்தில் உளது. கருஞ்சிவப்பு நிறம், சாய்ந்த கோடுகள். வீட்டில் அதற்கு 'அப்புவின் பட்டு' என்றே பெயர்.

பட்டுத்தானா என்று தொட்டுப் பார்த்துத் துணிதல் ஆகாது. மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயோனும் பட்டைப் போலவே மின்னும். 1924இல் ரேயோன் என்ற பெயர் வரும்வரை அதனைச் செயற்கைப் பட்டென்றே விற்றனர். போர்க்காலத்திலோ பட்டு பரசூட்டுக்குப் போயிற்று; 1941இல் யப்பானியப் பட்டு அமெரிக்காவுக்குச் செல்வதும் நின்றது. ரை செய்வோர் ரேயோனை நாடினர்.

ஐயந்தீர்ப்பது நெருப்பே. ரையின் ஒடுங்கிய முனையில், உள்ளே மடிந்த தையலோரத்தில், பாவில் ஓரிழையும் ஊடையில் ஓரிழையும் உருவிச் சாவணத்தாற் பிடித்து, பீங்கான் தட்டின்மேற் கொளுத்துக. பட்டாயின் மெல்ல எரிந்து மயிர் கருகும் மணம் வீசும். கரி விரலில் நொறுங்கும். ரேயோன் கடதாசிபோற் சட்டென எரிந்து மென்சாம்பலாகும். அசற்றேற்று உருகும், வினாகிரி மணம் வரும். பொலியெஸ்ரர் உருகிக் கடுமணியாய் இறுகும்.

நாம் உருவிய இழை மயிர்போற் கருகி மணத்தது. "பட்டேதான்" என்று தாயாரிடம் ஓடிச்சென்று கூறினோம். அவர் முகம் மலர்ந்ததைச் சொல்லவேண்டியதில்லை. அன்றிரவுதான் உறைத்தது: ரையின் உள்ளே விறைப்புக்காக வைக்கும் துணி பெரும்பாலும் கம்பளி, கம்பளியும் எரிந்தால் அதே மணந்தான். மறுநாள் விளக்கின்கீழ் வைத்து, மேற்றுணியிலேயே பார்த்து இழை எடுத்தோம். கடதாசிபோல் எரிந்து போயிற்று. பாவும் அப்படியே, ஊடையும் அப்படியே.

மாணவர்க்குப் பிழைதிருத்தம் சொல்லிப் பழகிய எமக்கு, இதனைத் தாயாரிடம் சொல்ல இரண்டு நாட்சென்றது. கேட்டவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அந்தச் சம்பளத்துக்கு அப்பு பட்டுக்கு எங்கே போவார், தம்பி" என்றவர், ரையை மடியாது சுருட்டி, பழைய இடத்திலேயே வைத்தார்.