பெயர் போடும் நேரம்

"பெயர் போடுவதற்குள் போய்விட வேண்டும்" என்று கூறியவாறே மக்கள் திரையரங்கிற்கு விரைந்த காலம் உண்டு. நடிகர் முதல் ஒலிப்பதிவாளர் வரை பலரின் பெயர்களும் அந்நாளில் படத்தின் தொடக்கத்திலேயே தோன்றின. 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்கப் படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவின் பெயர் அவ்வாறே இடம்பெற்றது. அதுவே அவருடைய முதற்படம்; பின்னாளில் அவர் இந்தியாவின் தலைசிறந்த ஒளிப்பதிவாளருள் ஒருவராகப் போற்றப்பட்டார்.

1992இல் வெளிவந்த 'அண்ணாமலை'யில் 'சூப்பர் ஸ்டார்' என்னும் பட்டம் தனி இசையுடன் தோன்றியது. நாயகர் பெயருக்கு இன்றும் ஆரவாரம் எழுகிறது. ஆனால், தொழிலாளர் பெயர்கள் பல படங்களில் இறுதியில் விரைந்தோடுகின்றன; அதற்குள் அரங்கம் காலியாகிவிடுகிறது.

நூற்றுக்கணக்கானோர் பெயர்களை முதலிலேயே காட்டினால் கதை தடைப்படும் என்பர் சிலர். அஃது உண்மையே. ஆயினும், ஒவ்வொரு துறையின் முதன்மைக் கலைஞர் பெயரேனும் தொடக்கத்தில், படிக்கும் வேகத்தில், படத்தின் மொழியிலேயே இடம்பெறுதல் வேண்டும். தமிழகத்திற்கு வெளியே வளரும் சிறுவர்க்கு அது தமிழ் படிக்கும் வாய்ப்புமாகும். எஞ்சியோர் பெயர்கள் ஓடி முடியும்வரை அமர்ந்திருத்தல், அவர்தம் உழைப்பிற்குப் பார்வையாளர் செலுத்தும் நன்றியாகும்.