முதலில் விசா, பிறகு பயணச்சீட்டு

கோடை விடுமுறையில் ஐரோப்பா செல்வதற்காக அந்நியச் செலாவணி கேட்டு நம் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களுள் பலர், பாரிசில் சில நாள்கள் தங்கிவிட்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குச் செல்லத் திட்டமிடுபவர்கள். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் டிஜிவி லிரியா என்னும் அதிவேக ரயில், பாரிசின் கார் து லியோன் நிலையத்திலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சூரிக்கின் மைய நிலையத்தை அடைகிறது. விமானம் வானில் பறக்கும் நேரம் இதைவிடக் குறைவுதான். ஆயினும், விமான நிலையத்திற்குச் செல்லும் நேரம், சோதனைகளுக்குக் காத்திருக்கும் நேரம், மறுமுனையில் நகருக்குள் வரும் நேரம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால் ரயிலே பலருக்கும் ஏற்றது. ஆகவே, ரயிலைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்கான சீட்டை எப்போது வாங்குவது என்பது குறித்தே இங்கு ஒரு கருத்தை முன்வைக்கிறோம்.

நம் நாட்டு ரயில் முன்பதிவு நம்மிடையே ஒரு பழக்கத்தை வளர்த்திருக்கிறது. முன்பதிவு தொடங்கும் நாளன்று காலையிலேயே சீட்டை வாங்கிவிட வேண்டும் என்பது அது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்ட பின்னும் அப்பழக்கம் மாறவில்லை. இங்கு நம்மை விரைவுபடுத்துவது இடம் கிடைக்காமற்போகுமோ என்னும் அச்சமே. ராஜதானி, சதாப்தி, துரந்தோ போன்ற சில ரயில்களைத் தவிர, பெரும்பாலானவற்றில் முதல் நாள் வாங்கினாலும் பத்து நாள் கழித்து வாங்கினாலும் கட்டணம் ஒன்றுதான். பயணம் நின்றுபோனால், உரிய காலத்தில் ரத்து செய்து, ஒரு சிறு தொகை கழிந்து மீதியைப் பெற்றுக்கொள்கிறோம்.

பாரிஸ்–சூரிக் ரயிலின் ஏற்பாடு வேறு. ஒவ்வொரு சீட்டுடனும் ஓர் இருக்கை உறுதி. காத்திருப்போர் பட்டியல் கிடையாது. ஆனால், தேவைக்கேற்பக் கட்டணம் மாறுகிறது. தொடக்கத்தில் குறைவாக இருக்கும் விலை, இடங்கள் நிரம்ப நிரம்ப ஏறுகிறது. மேலும், ஐரோப்பிய அதிவேக ரயில்களில் மிகக் குறைந்த விலைச் சீட்டுகளுக்குப் பொதுவாக நிபந்தனைகள் கடுமையானவை. ரத்து செய்தால் பணம் திரும்பாத சீட்டுகளும் உண்டு. பயணம் தவறிப்போகும் இடரைப் பயணியே ஏற்றுக்கொள்வதால்தான் அவ்விலை அத்தனை குறைவாக இருக்கிறது.

அந்த இடர் ஐரோப்பியப் பயணிக்குச் சிறியது. இந்தியக் குடும்பத்திற்குப் பெரியது. காரணம், நமக்கு ஷெங்கன் விசா தேவை. விண்ணப்பத்தின் மீது 15 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது பொது விதி. மேலும் ஆராய வேண்டிய நேர்வுகளில் அது 45 நாள்கள் வரை நீளலாம். விண்ணப்பம் அளிப்பதற்கான நேரம் கிடைப்பதற்கே சில வாரங்கள் ஆவதும் உண்டு. விசா மறுக்கப்பட்டால், பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ என்னும் விண்ணப்பக் கட்டணம் திரும்புவதில்லை.

விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நால்வர் கொண்ட குடும்பம். பணம் திரும்பாத சீட்டு இன்று 40 யூரோ. விசா கைக்கு வரும் நாளில் 70 யூரோ என்று கொள்வோம். இன்றே வாங்கினால் 160 யூரோ, பொறுத்து வாங்கினால் 280 யூரோ. முந்தி வாங்குவோருக்கு 120 யூரோ மிச்சம். விசா தாமதமாகித் தேதி மாறினாலோ, பழைய 160 யூரோவும் போய், புதிய சீட்டுக்கு 280 யூரோவும் சேர்ந்து செலவு 440 யூரோ ஆகிறது. தேதி மாறுவதற்கான வாய்ப்பு குறைவு என்று கருதுவோர், முந்தி வாங்குவதே இலாபம் என்று வாதிடலாம். இந்த ஒரு சீட்டை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அவ்வாதத்தில் பிழையில்லை.

ஆனால், அச்சீட்டு தனியே நிற்பதில்லை. பாரிசில் தங்கும் விடுதி, சூரிக்கில் தங்கும் விடுதி, இந்தியாவிலிருந்து செல்லும் விமானம், மலை ரயில், அருங்காட்சியகம் என ஒவ்வொன்றிலும் அதே வாதத்தைச் சொல்லி, பணம் திரும்பாத மலிவு விலையையே நாடுகிறோம். இவையெல்லாம் ஒரே விசாவைச் சார்ந்தவை. ஒரே மனிதரின் பிணையத்தை நம்பி ஐந்து பேருக்குக் கடன் கொடுக்க எந்த வங்கியும் தயங்கும். அவர் தவறினால் ஐந்து கடன்களும் ஒன்றாகத் தவறும். விசா தவறினாலும் அப்படியே, எல்லா இழப்பும் ஒரே நாளில் வந்து சேரும். பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு வாழ்நாளில் ஒருமுறை செல்லும் குடும்பத்திற்குச் சராசரிக் கணக்கு ஆறுதல் தராது.

இதற்கு வழி, சீட்டை முந்தி வாங்குவதற்குக் காட்டும் ஆர்வத்தை விசாவுக்கு விண்ணப்பிப்பதில் காட்டுவதே. பயண நாளுக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்க விதி இடமளிக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறோமோ அந்நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்; நாள்கள் சமமானால், முதலில் நுழையும் நாட்டிடம். மே மாதப் பயணத்திற்கு டிசம்பரிலேயே ஆவணங்களைத் திரட்டத் தொடங்கினால், விசா கிடைத்த பின்னும் குறைந்த கட்டணங்கள் எஞ்சியிருக்க நல்ல வாய்ப்புண்டு. மார்ச் இறுதி வரை விசாவைத் தள்ளிப்போடுவோரே மலிவுச் சீட்டா, பாதுகாப்பா என்னும் இக்கட்டில் சிக்குகின்றனர்.

அதற்கும் முன்பே வாங்கியாக வேண்டிய சூழலில், சற்றுக் கூடுதல் விலையாயினும் ரத்து செய்யத்தக்க சீட்டையே வாங்குவது நன்று. நீண்ட கால விசாவை ஏற்கெனவே வைத்திருப்போர் முதல் நாளே மலிவுச் சீட்டை வாங்கலாம். முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு விசா வழங்கலாம் என 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் விதியைத் தளர்த்தியிருப்பது அத்தகையோருக்கு உதவும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. இந்தியாவிலிருந்து பாரிசில் இறங்கும் நாளிலேயே சூரிக் ரயிலை வைத்துக்கொள்ள வேண்டாம். விமானச் சீட்டும் ரயில் சீட்டும் தனித்தனியே வாங்கப்பட்டிருந்தால், விமானம் தாமதமானதற்கு ரயில் நிறுவனம் பொறுப்பேற்காது. தில்லியைப் போலவே பாரிசிலும் பெரிய ரயில் நிலையங்கள் பல. லண்டன் ரயிலுக்குக் கார் து நோர், சூரிக் ரயிலுக்குக் கார் து லியோன். சீட்டில் உள்ள நிலையத்தின் பெயரைப் பார்த்துக்கொண்டு, அதற்கு எளிதில் செல்லத்தக்க விடுதியைத் தேர்வது நலம். சூரிக்கைக் கடந்து சுவிட்சர்லாந்தின் உள்ளே செல்லும் வழக்கமான ரயில்களுக்கோ இத்தனை அவசரமில்லை. அவற்றில் இருக்கை முன்பதிவு பொதுவாகத் தேவையில்லை. வழக்கமான கட்டணச் சீட்டைப் பயண நாளன்றே வாங்கலாம்.

இனி, பணம் செலுத்துவது. 2020இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைகளின்படி, புதிய அட்டைகளில் இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும். சீட்டு வாங்க அமரும் முன் அதைச் செய்து, உச்சவரம்பையும் தேவையளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி முடித்ததும் அணைத்துவிடுங்கள். யூரோவுக்குப் பதிலாக ரூபாயிலேயே செலுத்தலாம் என்று சில தளங்கள் கேட்கும். அதற்கான மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும் என்பதால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் அட்டை வழங்கிய வங்கி அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணமும் அதன் மீது வரியும் வசூலிக்கும். தொகையை உங்கள் அட்டையின் கட்டண அட்டவணையில் காணலாம். சீட்டை ரத்து செய்து யூரோ முழுமையாகத் திரும்பினாலும், அன்றைய விகிதப்படி ரூபாயில் கூடவோ குறையவோ செய்யும். ரத்து செய்யத்தக்க சீட்டிலும் இச்சிறு இடர் இருப்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

மலிவுச் சீட்டை நாம் எதிர்க்கவில்லை. சேமிப்பை மதிக்கும் எவரும் அதைத் தேடவே செய்வர். பயணம் உறுதியான பின் அதை வாங்கினால் அது சேமிப்பு. விசாவுக்கு முன் வாங்குவோர், அத்தொகை திரும்பாவிட்டாலும் குடும்பத்தின் வரவுசெலவு தாங்குமா என்று ஒரு கணம் எண்ணிய பிறகு பணத்தைச் செலுத்தட்டும்.