துபாய் என்றால் வக்கீல் வேண்டாமா?

செங்கல்பட்டுப் பக்கம் அரை கிரவுண்டு வாங்குவதென்றாலும் நம் ஆட்கள் 30 வருஷத்துக்கு ஈசி போட்டுப் பார்ப்பார்கள். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டி லீகல் ஒப்பீனியன் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். அவர்களே, துபாய்க் கட்டுமான நிறுவனம் ஒன்று சென்னை ஓட்டலில் கண்காட்சி போட்டால் அன்று மாலையே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கேட்டால், "அங்கே சட்டம் கடுமை சார், யாரும் ஏமாற்ற முடியாது, வக்கீல் தண்டச் செலவு" என்கிறார்கள்.

சட்டம் கடுமைதான். யார்மீது கடுமை என்று கேட்டார்களா? கட்டி முடியாத வீட்டுக்கு நாம் தரும் பணம் தனி எஸ்க்ரோ கணக்கில்தான் சேர வேண்டும் என்று 2007-இலேயே துபாயில் சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம்; விற்பனைப் பிரதிநிதி அதை மறக்காமல் சொல்வார். தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல மாட்டார். கட்டடம் 80 சதவீதத்தைத் தாண்டிய நிலையில் நீங்கள் தவணையை நிறுத்தினால், நிலத் துறை மூலம் 30 நாள் நோட்டீஸ் வரும். அதற்கும் கட்டாவிட்டால் நிறுவனம் கோர்ட்டுக்குப் போகாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்து, விலையில் 40 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கட்டிய தொகையில் அல்ல, வீட்டின் மொத்த விலையில். வேலை 60 சதவீதத்தை எட்டாவிட்டாலும் 25 சதவீதம் வரை போகும். இதுவும் அதே கடுமையான சட்டம்தான்.

"ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்" என்பது அடுத்த சமாதானம். விற்றால்தான் அவருக்குக் கமிஷன். நீட்டுகிற ஒப்பந்தமோ நிறுவனத்தின் வக்கீல்கள் எழுதியது. வக்கீல் இல்லாதவர் வாங்குகிறவர் மட்டும்தான்! பதிவுக் கட்டணம் 4 சதவீதத்தை முணுமுணுக்காமல் கட்டுகிறவர்கள் இதில் மட்டும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

இந்தியாவில் வசிப்பவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். வாங்கிய வீட்டை வருமான வரிக் கணக்கில் காட்டாவிட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். இதை துபாய் ஏஜென்ட் ஏன் சொல்லப்போகிறார்?

முன்பதிவுக்குப் பணம் கட்டும் முன் ஒப்பந்த வரைவைக் கேளுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யாத, துபாயில் உரிமம் பெற்ற வக்கீலிடம் அதைக் கொடுங்கள். வரி விஷயத்துக்கு உங்கள் ஆடிட்டரையும் பாருங்கள். வரைவைத் தர மறுக்கிறவரிடம் வீடு வாங்காதீர்கள்.