பார்ட்டி உள்ளேதான் இருக்கார்!

வசூலுக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும்; எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் மட்டும் பார்ட்டி தெரிவார். (பி.காம். முடித்து நான் பார்த்த முதல் உத்தியோகம்!) வானத்திலும் இதே கதை.

சில காலக்ஸிகளின் நடுவே ராட்சசக் கருந்துளை இரை தின்றபடி ஜொலிக்கும். ஸ்பெக்ட்ரத்தில் அகலக் கோடு இருந்தால் டைப் 1. குறுகல் கோடு மட்டும்தானா, டைப் 2. 1985-ல் அன்டோனூச்சியும் மில்லரும், டைப் 2 என்று முத்திரை விழுந்த என்.ஜி.சி. 1068-ன் ஒளியில் போலரைஸ் ஆன பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். அட, அகலக் கோடு! நேர் பார்வையை அடர்ந்த தூசு மறைக்க, வேறு பக்கம் தப்பிய வெளிச்சம் எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறி நம்மிடம் வந்திருக்கிறது. ஆசாமி டைப் 1-தான். நாம் நின்ற கோணம்தான் சரியில்லை.

அதற்காக எல்லா டைப் 2-வையும் தூசுக் கணக்கில் எழுதிவிட முடியாது. சிலதில் இப்படித் தேடியும் அகலக் கோடு சிக்கவில்லை. பார்ட்டி நிஜமாகவே ஊரில் இல்லையோ என்னவோ, சண்டை இன்னும் ஓயவில்லை.