றாத்தல் பாணும் வீட்டுத் தராசும்

புட்டும் இடியப்பமும் அப்பமும் அடுப்படியிலேயே உருவாகக் காணும், மட்டக்களப்பு வாவியின் இரு புறமுமுள்ள நம் எழுவான்கரை, படுவான்கரைக் குடும்பங்களில், எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை வீட்டார் எவரும் அறியாத நித்திய ஆகாரமாகப் பாண் ஒன்றே இருந்துவருகிறது. காலையில் பேக்கரிக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். அல்லது மாலையில் பீத்தோவனின் இசைத்துணுக்கை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் பாண் ஓட்டோவை மறிக்கிறோம். கொடுத்ததை வாங்கிச் சம்பலோடோ மீன் ஆணத்தோடோ உண்டு தீர்க்கிறோம். வீட்டில் பாண் சுடப் பழகுவதைப் பட்டணத்து நாகரிகமென்று பரிகசிப்போர் உண்டு. என் அபிப்பிராயம் வேறு: தாம் தினமும் வாங்கும் பொருளின் குணதோஷங்களை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டுமானால், அதை ஒரு தரமாவது தம் கையால் செய்து பார்த்திருத்தல் அவசியம்.

மலிவு என்னும் வாதத்தை முதலிலேயே விட்டுவிடலாம். கோதுமை கப்பலில் வந்து, திருகோணமலை ஆலையில் மாவாகி நம்மை அடைகிறது. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு, மாவின் விலை ஏறி, சமையல் எரிவாயுவுக்கு ஜனங்கள் வரிசையில் காத்துக்கிடந்தபோது, பேக்கரிக்கும் வீட்டு அடுப்புக்கும் ஒரே கதிதான் நேர்ந்தது.

நிறையின் விஷயம் அப்படியன்று. 2024 பெப்ரவரி முதல் முழு றாத்தல் பாண் 450 கிராமும் அரை றாத்தல் 225 கிராமும் இருக்க வேண்டுமென நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை விதித்திருக்கிறது. விதி இருந்தும் கடையில் நிறுத்துத் தரும்படி கேட்பார் அரிது. 300 கிராம் மாவோடு 190 கிராம் தண்ணீரும் உப்பும் சீனியும் ஈஸ்டும் சேர்த்துப் பிசைந்து, ஏறக்குறைய 500 கிராமாக அச்சில் இட்டது, சூட்டில் நீரை ஆவியாக இழந்து 450 கிராமாக வெளிவருவதைத் தராசில் பிரத்தியட்சமாகக் கண்டவர் எவரும், பார்வைக்குப் பெரிதாக உப்பியும் எடுத்தால் கனமற்றும் இருக்கும் பாணைக் கண்டு மயங்கமாட்டார். காற்றுக்குக் காசு கொடுக்கவும் மாட்டார்.

பழகுவோர் குளிர்தேசத்துப் புத்தகங்களை அப்படியே நம்பலாகாது. இரண்டு மணி நேரம் பொங்கவிடும்படி அவை சொல்லும். வாவிக்காற்றின் ஈரமும் 30 பாகை உஷ்ணமும் கூடிய நமது அடுப்படியிலோ, மா ஒரு மணி நேரத்துக்குள் இரட்டித்து, கவனியாதிருந்தால் புளித்து அமுங்கிவிடும். ஈஸ்டைக் குறைத்து, குளிர்ந்த நீர் சேர்த்து, விடியற்புறத்தில் பொங்கவைப்பதே உசிதம். தென்னங்கள் விட்டு அப்ப மா புளிக்கவைத்தவர்களுக்கு இந்தச் சூட்சுமத்தை உபதேசிக்க வேண்டியதில்லை; கள்ளிலும் ஈஸ்டிலும் வேலை செய்வது ஒரே குலத்து நுண்ணுயிர்தான். புதிதாகப் பழக வேண்டியது பிசைதல். ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி விரல்களால் இழுத்து விரித்தால், கிழியாமல், ஜன்னல் வெளிச்சம் ஊடே தெரியும் மெல்லிய தோலாகும் வரை பிசைய வேண்டும். பொங்கும் காற்றைப் பிடித்துவைப்பது அந்தத் தோல்தான். (அரிசிமாவுக்கு இந்தச் சக்தி இல்லை; பாணில் அதைத் தாராளமாகக் கலந்து தேசபக்தியைக் காட்டச் சொல்வோர் இதைச் சற்று யோசிப்பது நலம்.) மின்சாரப் போறணை இல்லாதவர், முன்னாளில் கேக்குக்குச் செய்தது போல, மூடிய பாத்திரத்தின் மேலும் கீழும் சிரட்டைத் தணல் இட்டுச் சுடலாம். அடிப்பக்கத்தைத் தட்டும்போது வெறுமையான ஓசை எழுந்தால் வெந்துவிட்டது.

நம் ஊர்களில் பெண்களுக்கென நடத்தப்படும் வகுப்புகள் பெரும்பாலும் ஐசிங் பூசிய கேக்கில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. வருஷத்துக்கொரு முறை பிறந்தநாளில் வெட்டுவதைக் கற்பிக்குமுன், அன்றாடம் உண்பதைக் கற்பித்தால் என்ன? முதல் நாளில், கடையில் வாங்கிய றாத்தல் பாண் ஒன்றை எல்லாரும் காணத் தராசில் நிறுத்து, வந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் பிறகு மாவைத் தொடட்டும்.