முதுமையில் அட்ரீனல்: பீங்கான் நகரம் கவனிக்க வேண்டியது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் இந்தியாவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. நல்ல திட்டம். ஆனால் முதுமையில் பிரஷர் ஏறுவதற்கான காரணங்களில் ஒன்று, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் இருக்கிறது. அதைப் பற்றிய பேச்சு நம் குடும்பங்களில் இல்லை.

செல்களில் என்ன நடக்கிறது?

அட்ரீனலின் வெளிப்பகுதி மூன்று அடுக்குகள் கொண்டது. மேலடுக்கு, உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. வயது ஏற ஏற இந்த அடுக்கு இடைவெளி விட்டுத் தேய்கிறது; ஆங்காங்கே சில செல் கூட்டங்கள் மட்டும் கட்டுப்பாடின்றிச் சுரக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் இதை விளக்கினர். விளைவு இருமுனைக் கத்தி: சிலருக்குப் பிரஷர் ஏறும், வெயிலில் உப்பு குறையும்போது அதை ஈடுகட்டும் வேகமும் குறையும்.

நடு அடுக்கின் கார்டிசால் பெரிதாகக் குறைவதில்லை. உள்ளடுக்கு சுருங்குகிறது. அது சுரக்கும் டிஹெச்இஏ, இருபதுகளில் இருந்த அளவில் 70, 80 வயதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான் மிஞ்சும். இதை மாத்திரையாக விழுங்கினால் இளமை திரும்பும் என்பது வியாபாரம். முதியவர்களிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில் உடல் வலு கூடவில்லை.

விருத்தாசலத்துக்கு என்ன?

செராமிக் தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற ஊர் இது. சூளை வெப்பம் வியர்வையோடு உப்பையும் எடுத்துச் செல்லும். பீங்கான் தொழிலில் பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுத்தால் காசநோய் அபாயம் கூடும். காசநோய் அட்ரீனலுக்குப் பரவி அதை அழிக்கவும் கூடும். தீராத சோர்வு, எடை குறைவு, எழுந்தால் தலைசுற்றல், தோல் கறுத்தல் ஆகியவற்றை 'வயசாயிடுச்சு' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இன்னொரு ஆபத்து, மூச்சிரைப்புக்கும் மூட்டு வலிக்கும் மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு. வெளியிலிருந்து மருந்து வருவதால் அட்ரீனல் செல்கள் வேலையின்றிச் சுருங்கிவிடும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், உயிராபத்து. ரமளானுக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தும் பெரியவர்கள் இதை அறிய வேண்டும். நோயாளிக்கு நோன்பில் மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்பது அந்தச் சலுகையை மதிப்பதுதான்.

மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் என்றால் ஆல்டோஸ்டிரோன் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் அத்தாவோ அம்மாவோ சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.