குறியீடு என்றொரு சால்ஜாப்பு

நம் வட்டத்தில் சில வருஷங்களாக ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. பெரியபுராணத்திலோ சித்தர் மரபிலோ அற்புதம் என்று ஒன்று வந்தால் அது நடந்ததா இல்லையா என்று கேட்கக் கூடாது. கேட்டவன் ஒன்று பாமரன், அல்லது பகுத்தறிவு மேடையிலிருந்து நேராக இறங்கி வந்தவன். நாகரிகமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது: 'அதெல்லாம் குறியீடு சார்.' அப்பரைக் கட்டிய கல் கடலில் மிதந்தது குறியீடு. அவிநாசியில் முதலை பாலனை உமிழ்ந்தது குறியீடு. மயிலாப்பூரில் குடத்து எலும்பு பெண்ணாக எழுந்தது குறியீடு. எதற்குக் குறியீடு என்று கேட்டால் அகங்காரம், ஆன்மா, மனம், குண்டலினி, இந்த நாலில் ஒன்று வரும். எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவியை வைத்திருப்பவனைப் பார்த்தால் எனக்கு அவன் வீட்டுக்காரன் என்று தோன்றுவதில்லை.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அற்புதங்களில் நம்பிக்கை இல்லை. கல் மிதக்காது. எலும்பு எழுந்து உட்காராது. ஆனால் எழுதியவன் அது நடந்தது என்றுதான் எழுதினான். கேட்டவன் நடந்தது என்றுதான் கேட்டான். 'நடந்தது என்கிறாய், நடக்கவில்லை என்கிறேன்' என்று நேருக்கு நேர் நின்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. 'நீ சொல்ல வந்தது அதுவல்ல, நான் சொல்கிறேன் கேள்' என்பதில் அது இல்லை. இந்த இரண்டாவது காரியத்தைத்தான் நம் நண்பர்கள் மரபின் மீதுள்ள பற்று என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நந்தனை எடுத்துக்கொள்ளலாம். சென்ற மாதம் நாலைந்து பேர் கூடிய இடத்தில் நண்பர் ஒருவர் நந்தன் புகுந்த தீ 'தான் என்ற முனைப்பு எரிந்து அடங்கும் ஞானத்தீ' என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து மறுபடி சேக்கிழாரைப் படித்தேன். நண்பர் கடைசியாக எப்போது படித்தாரோ தெரியாது.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரைப் பெயரோடு வணங்கி நகர்ந்துவிடுகிறார். நம்பியாண்டார் நம்பிக்கு ஒரு செய்யுள் இருக்கிறது. அம்பலத்தான் அருளால் ஆதனூர்த் தொண்டன் புலை நீங்கி, மூவாயிரவர் கைகூப்ப முனியானான் என்ற அளவில் அது முடிகிறது. அதில் தீ இல்லை. கவனிக்க வேண்டும், தீயே இல்லை. நமக்குக் கிடைக்கிற நூல்களில் தீ சேக்கிழாரிடம்தான் எரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழனிடம் அமைச்சராக இருந்தவர், நிர்வாகம் தெரிந்தவர், ஒரு காரியம் எப்படி நடந்தேறும் என்று யோசித்துப் பழகியவர். புலை எப்படிப் போயிற்று என்ற கேள்விக்கு அவர் பதில் எழுதுகிறார். கனவில் ஆணை வருகிறது, நந்தனுக்கும் வருகிறது, தில்லைவாழ் அந்தணர்க்கும் வருகிறது. தெற்கு மதிலின் வெளியே, வாயிலுக்கு முன்னால் தீ மூட்டப்படுகிறது. நந்தன் வலம் வந்து புகுகிறான். உடம்பு ஒழிந்து பூணூலும் சடையுமாக வேறொரு உடம்போடு எழுகிறான். சேக்கிழாருக்கு வேண்டியது குறியீடு என்றால் நம்பியின் செய்யுளே போதுமாக இருந்தது. அதில் எல்லாம் சூட்சுமமாகத்தான் இருந்தது. அந்தச் சூட்சுமம் போதாமல்தான் அவர் விறகும் நெருப்பும் மதிலும் வாயிலும் வைத்தார்.

இதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து நம்பிப் படித்துப் பாருங்கள். அப்போதுதான் இன்னொரு இடம் கண்ணில் படும். இதே புராணத்தில், தில்லைக்கு வருமுன் நந்தன் திருப்புன்கூர் போகிறான். வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறான். நடுவே நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொல்கிறான், கல் நந்தி விலகுகிறது. இன்றும் திருப்புன்கூர் போகிறவர்கள் நந்தி வாசலுக்கு நேரே இல்லாமல் ஒதுங்கி இருப்பதைப் பார்க்கலாம். சரி. அங்கே ஒரு தொண்டன் பார்ப்பதற்காகக் கல்லை நகர்த்திய அதே கடவுள், தில்லையில் எதை நகர்த்தினான்? கதவு நகரவில்லை, மதில் நகரவில்லை, உள்ளே இருந்த மூவாயிரவரின் மனசும் நகரவில்லை. தொண்டனின் உடம்புதான் போக வேண்டியிருந்தது. இரண்டு அற்புதமும் நடந்தவை என்று வைத்துக்கொண்டால், ஒன்றை ஒன்று கேட்கிற கேள்வி பயங்கரமாக இருக்கிறது. கல்லைவிடக் கெட்டியாக எது இருந்தது தில்லையில்?

குறியீடு என்ற சொல் இந்தக் கேள்வியைத்தான் விழுங்குகிறது. நந்தி மறைத்தது அறியாமை, தீ எரித்தது அகந்தை என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் இரண்டுக்கும் சம்பந்தம் அற்றுப்போகிறது. அதுவும் யாருடைய அகந்தை? கதை முழுவதிலும் அகந்தை இல்லாதவன் ஒருவன்தான் இருக்கிறான். பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொண்டுவந்து வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பியவன். அவன் அகந்தையை எரிக்கத்தான் இவ்வளவு விறகா?

நந்தனைச் சதி செய்து எரித்தார்கள் என்று எடுத்துக்கொண்டு இந்திரா பார்த்தசாரதி நாடகம் எழுதினார். அந்த வாசிப்போடு ஒருவன் உடன்படலாம், சண்டை போடலாம். அது தீயைத் தீயாகப் பார்த்த வாசிப்பு. சேக்கிழாரும் தீயைத் தீயாகத்தான் பார்த்தார். இருவருக்கும் இடையே ஒரு வழக்கு சாத்தியம். நம் நண்பருக்கும் சேக்கிழாருக்கும் இடையே எந்த வழக்கும் சாத்தியமில்லை, ஏனென்றால் நண்பர் ஆஜராகவே இல்லை.

இன்னொரு சால்ஜாப்பும் உண்டு, இதைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. 'நம் மரபே சித்திகளை மதித்ததில்லையே' என்பார்கள். பதஞ்சலி மூன்றாம் பாதத்தில் சித்திகளை வரிசையாகச் சொல்லிவிட்டு அவை சமாதிக்கு இடையூறு என்கிறார் அல்லவா? புத்தர் சீடர்களை அற்புதம் காட்டக் கூடாது என்று தடுத்தார் அல்லவா? ஆமாம், இரண்டும் உண்மைதான். ஆனால் முழுசாகப் படிக்க வேண்டும். ராஜகிருகத்துச் செல்வர் ஒருவர் சந்தனத்தில் ஒரு பிட்சைப் பாத்திரம் கடைந்து உயரக் கழியில் தொங்கவிட்டு, சித்தி உள்ளவன் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பிண்டோல பாரத்துவாஜர் ஆகாயத்தில் எழும்பி எடுத்துவிடுகிறார். ஊர் ஆரவாரிக்கிறது. புத்தர் கண்டிக்கிறார், பாத்திரத்தை உடைக்கச் சொல்கிறார், இனி யாரும் இப்படிக் காட்டக் கூடாது என்று விதி செய்கிறார். அவர் கண்டித்தது பிண்டோலர் பறக்கவில்லை என்பதற்காக அல்ல, பறந்தார் என்பதற்காக. பணம் அழுக்கு என்று சொல்கிறவர்களை நான் கவுண்ட்டரில் தினமும் பார்க்கிறேன். பாஸ்புக்கில் இருப்பு இல்லாத ஒருவர்கூட இதுவரை அப்படிச் சொன்னதில்லை. சித்தி அற்பம் என்பதும் சித்தி உண்டு என்பதன் இன்னொரு உச்சரிப்புதான்.

ஆனால் அதே பௌத்தத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. நாலந்தாவில் கேவட்டன் என்ற இல்லறத்தான், ஒரு பிக்ஷுவை அற்புதம் காட்டச் சொல்லுங்கள், ஊரே உங்கள் பக்கம் வரும் என்கிறான். புத்தர் சொல்லும் பதில் விசித்திரமானது. நம்புகிறவன் ஒருவன் பார்த்துவிட்டுப் போய் நம்பாதவனிடம் சொல்வான், நம்பாதவன் 'அது காந்தாரி வித்தை, மந்திரம் கற்றவன் எவனும் செய்வான்' என்பான், அப்போது என்ன செய்வது என்கிறார். நம்பாதவனுக்கு அந்த உரையாடலில் ஓர் ஆசனம் போட்டிருக்கிறது. அவன் வாதம் எழுதப்பட்டிருக்கிறது. நம் சிறு பத்திரிகைகளில் அவனுக்கு அந்த ஆசனம் கிடையாது. (பி.ஏ. ஆங்கிலத்தில் கோல்ரிட்ஜ் சொல்லிக்கொடுத்தார்கள். கவிதைக்காக வாசகன் தன் அவநம்பிக்கையைச் சற்று ஒதுக்கி வைக்கிற சமாச்சாரம், 1817இல் எழுதியது. ஒதுக்கி வைக்க முதலில் கையில் அவநம்பிக்கை இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.)

பகுத்தறிவுக்காரர்களைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆப்ரஹாம் கோவூர் இலங்கையில் இருந்துகொண்டு, மோசடிக்கு இடமில்லாத நிலையில் சித்தியைக் காட்டுபவருக்கு ஒரு லட்ச ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் சாகும்வரை பணம் பத்திரமாக இருந்தது. உயிரோடு இருக்கும் மாயாவிகளை எதிர்க்க அது நல்ல முறை. இறந்துபோன கவிகளிடம் அது செல்லாது. கல் மிதக்காது என்று சேக்கிழாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மிதக்காது என்று தெரிந்ததால்தான் மிதந்ததை எழுதினார்.

இந்த விவகாரமெல்லாம் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு பேசுவது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். போன வருஷம் ஒரு அம்மாள் என்னிடம் வந்து ஃபிக்ஸட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் உடைத்தார். வட்டி நஷ்டமாகுமே அம்மா, அவசரமா என்று கேட்டேன். புருஷனுக்குச் சிறுநீரகம் பழுது, ஒரு சித்தர் சாமி பார்த்துக்கொள்கிறார், இனி டயாலிசிஸ் வேண்டாம் என்றிருக்கிறார் என்றார். ஆஸ்பத்திரியை விட்டுவிடாதீர்கள் என்று ஏதோ சொன்னேன். 'உங்களுக்கு நம்பிக்கை இல்லையா தம்பி?' என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். அந்த அம்மாளிடம் சித்தி என்பது குறியீடு என்று நண்பர் சொல்லிப் பார்க்கட்டும். அவர் கேட்டது நேரான கேள்வி. அதற்கு உண்டு, இல்லை என்று இரண்டே பதில்கள். நாம் எழுதுகிற சித்தி, அந்தச் சாமி சொன்ன சித்தி, இரண்டும் ஒரே சொல். அச்சில் நாம் அதற்கு மெருகு ஏற்றிக்கொண்டிருக்கும்வரை, கவுண்ட்டரில் அதை யாரும் தட்டிக் கேட்க முடியாது.

கடைசியாக, இந்த வாதத்துக்கு மிகவும் கடினமான ஆளிடம் வருகிறேன். வள்ளலார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனார், திறக்க வேண்டாம் என்றார், பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. 1906இல் வந்த தென்னாற்காடு மாவட்டக் கெஜட்டியர், அறை இன்னும் பூட்டியிருக்கிறது, அவர் கடவுளோடு ஒன்றாகிவிட்டார் என்றும் திரும்பி வருவார் என்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று வெள்ளைக்காரத் தொனியில் எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. நம்மவர்கள் அப்படிப் போவதில்லை. ஒளியுடம்பு என்பது கவிதையின் உடம்பு, சாகாக்கலை என்பது காலத்தை வென்ற சொல் என்று எழுதுகிறார்கள்.

வள்ளலார் இறந்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்று தம்மைச் சேர்ந்தவர்களுக்குக் கட்டளை எழுதினார். ஆண்டவர் வரும்போது அவர்கள் எழுவார்கள் என்பதால். உருவகத்துக்காக யாரும் குழி தோண்டச் சொல்வதில்லை. அந்தக் கட்டளையைக் கேட்டு எத்தனை பேர் பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டுக் காத்திருந்திருப்பார்கள்! ஆறுமுக நாவலர் இதைத்தான் எதிர்த்தார். அருட்பாவா மருட்பாவா என்ற சண்டையையும் 1869இல் அது மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போனதையும் நாம் இப்போது வேடிக்கைக் கதையாகச் சொல்கிறோம். எனக்கென்னவோ அந்தச் சண்டை நம்முடைய எந்த இலக்கியச் சர்ச்சையையும்விட யோக்கியமாகப் படுகிறது. சம்பந்தர் எலும்பைப் பெண்ணாக்கினார் என்பதில் நாவலருக்குச் சந்தேகம் கிடையாது. இந்த இராமலிங்க பிள்ளையால் அது ஆகாது என்பதுதான் கட்சி. நடக்குமா, இவரால் நடக்குமா என்று இரண்டு பேரும் ஒரே தரையில் நின்று அடித்துக்கொண்டார்கள். நான் நாவலர் கட்சி இல்லை. சம்பந்தராலும் ஆகாது என்பது என் கட்சி. ஆனால் எனக்கு அந்தக் கோர்ட்டில் ஓர் இடம் உண்டு.

வடலூரில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அதை வைத்துக்கொண்டு மேட்டுக்குப்பத்து அறையை விட்டுவிடலாம் என்று சீர்திருத்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் பிரிக்க வரவில்லை. பசி என்ற உடம்பின் கொடுமையைச் சகிக்காத அதே மனிதர்தான் சாவு என்ற உடம்பின் கொடுமையையும் சகிக்கவில்லை. ஒன்றுக்கு அரிசி போதுமாக இருந்தது. மற்றதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை, இருக்கிறது என்று நம்பினார். அவர் சொன்னபடி யாரும் எழவில்லை. அவர் தவறினார் என்று எழுதும்போது என் கை கூசுகிறது. அந்தக் கூச்சம், அவர் உருவகம் சொன்னார் என்று எழுதுகிறவர்களின் கைக்குக் கிடையாது.

நண்பர் தம் ஞானத்தீ விளக்கத்தைக் கட்டுரையாக விரித்து அடுத்த இதழுக்குத் தருவதாகக் கேள்வி. தரட்டும். தெற்கு வாயிலுக்கு வெளியே அந்தத் தீயை மூட்டியவர்கள் யார் என்று சேக்கிழார் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர்கள் எதற்குக் குறியீடு என்பதையும் சேர்த்து எழுதித் தரட்டும்.